சுடுதளத்து வாசல் பலகையும் அதற்குப் பின்னால் இருக்கும் பணமும்

கேள்வி இது: “டெக்சஸில் இருக்கிறேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பொதுமக்களுக்கான துப்பாக்கி சுடும் தளம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் வனவிலங்கு மீட்பு நிதியுதவியோடு கட்டப்பட்டது என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். என் மகனின் நண்பன் போகும் வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்கும் அதே நிதிதானாம். வனவிலங்குக்கான பணத்தில் சுடக் கற்றுக்கொடுப்பது என்ன நியாயம்? என் வருமான வரியிலிருந்தா இது போகிறது?”

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வருமான வரி இதில் போகவில்லை. நீங்கள் துப்பாக்கி, தோட்டா, வில், அம்பு எதுவும் வாங்காதவர் என்றால், பலகையில் சொல்லியிருக்கும் அந்த மத்திய நிதியில் உங்கள் காசு ஒன்றுகூடக் கிடையாது. நியாயமா என்ற கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்து வருடமாக இங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தன்னார்வப் பயிற்றுநராக இருக்கிறேன். (சைவச் சாப்பாட்டுக்காரன்தான். அது வேறு கதை.)

நம்மூரில் கோயிலுக்கு நிலம் எழுதிவைக்கிறவர்கள், “இந்த நிலத்து வருமானம் உச்சிக்காலப் பூசைக்கு மட்டும்” என்று கட்டளை ஏற்படுத்துவார்கள். தேர்ச் சக்கரம் உடைந்து கிடந்தாலும் அந்தப் பணத்தில் கை வைக்கக் கூடாது. உங்கள் ஊர் சுடுதளத்தின் பணமும் அப்படி ஒரு கட்டளையிலிருந்து வருவதுதான். 1937 செப்டம்பர் 2 அன்று ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட சட்டம் அது. நெவாடா செனட்டர் கீ பிட்மன், வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் வில்லிஸ் ராபர்ட்சன் ஆகிய இருவர் பெயரால் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் வெள்ளைவால் மானும் காட்டு வான்கோழியும் பல மாநிலங்களில் கண்ணில் படுவதே அரிதாகிவிட்டிருந்தது. விற்பனைக்காகக் கணக்கில்லாமல் வேட்டையாடியது, காட்டை அழித்தது, அதற்குமேல் 1930-களின் வறட்சி. துப்பாக்கி, தோட்டா மீது கலால் வரி அப்போதே இருந்தது. அது பொதுக் கஜானாவில் விழுந்துகொண்டிருந்தது. சட்டம் கொண்டுவந்தவர்கள் புது வரி போடவில்லை, இருந்த வரியின் வாய்க்காலைத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பணம் உள்துறையின் (அங்கே அது நிலத்தையும் இயற்கை வளங்களையும் பார்க்கும் துறை) கீழுள்ள மீன், வனவிலங்குச் சேவை வழியாக மாநிலங்களுக்குப் போகும். அங்கே விலங்குகளையும் அவற்றின் வாழிடங்களையும் மீட்கச் செலவாகும். முதல் வேலை யூட்டாவில் கிரேட் சால்ட் ஏரிக்கரையில் ஆக்டன் பே என்ற இடத்தில், நீர்ப்பறவைகளுக்காக நடந்தது.

ராபர்ட்சன் அதற்கு முன் வர்ஜீனியாவின் வேட்டை வாரியத்துக்குத் தலைவராக இருந்தவர். வேட்டை உரிமக் கட்டணத்தில் சேரும் பணத்தை மாநில அரசுகள் சாலைக்கும் சம்பளத்துக்கும் எடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு நிபந்தனையைச் செருகினார்: எந்த மாநிலமாவது உரிமக் கட்டணத்தை வனவிலங்குத் துறையின் நிர்வாகம் தவிர வேறு எதற்காவது திருப்பினால், அந்த மாநிலத்துக்கு இந்த நிதி கிடையாது. என் கணக்கில் மொத்தச் சட்டத்திலும் அதிகம் வேலை செய்த வாசகம் இதுதான். பட்ஜெட்டில் துண்டு விழும் வருடங்களில் ஏதாவது ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் யாராவது உரிமக் கட்டணத்தின் மேல் கண் வைப்பார்கள். உடனே வனவிலங்குத் துறைக்காரர்கள் இந்த வாசகத்தை நீட்டுவார்கள். கண் வைத்தவர் பேசாமல் உட்கார்ந்துவிடுவார்.

வரி எப்படி விழுகிறது என்று பார்ப்போம். ரைஃபிள், ஷாட்கன், தோட்டா ஆகியவற்றுக்கு 11 சதவீதம். கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். வேட்டைக்கு ஆகும் வில்லுக்கும் அதன் துணைப்பொருட்களுக்கும் 11 சதவீதம். கடையில் நீங்கள் வாங்கும் ரசீதில் இது தெரியாது. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ முதல் விற்பனையிலேயே கட்டிவிடுகிறார், விலைக்குள் அது கரைந்து வருகிறது. துப்பாக்கி, தோட்டா வரியை வசூலிப்பது மதுவுக்கும் புகையிலைக்கும் வரி போடும் அதே அலுவலகம். காட்டு வான்கோழிக்கான பணம் சாராயக் கணக்குப் பார்க்கும் மேசையைத் தாண்டித்தான் வருகிறது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு.

முதல் முப்பது வருடம் இதில் வகுப்பும் கிடையாது, சுடுதளமும் கிடையாது. வேட்டைப் பாதுகாப்புக் கல்வியைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் நியூயார்க், 1949-ல். மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. ஆனால் கைக்காசையும் தன்னார்வலர்களையும் வைத்துத்தான் ஓட்டினார்கள். 1970-ல் சட்டத்தைத் திருத்தி, அதுவரை பொதுக் கஜானாவுக்குப் போய்க்கொண்டிருந்த கைத்துப்பாக்கி வரியையும் இந்த வாய்க்காலில் சேர்த்தார்கள். 1972-ல் வில்வித்தைப் பொருட்களையும் சேர்த்தார்கள். (நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972-ல்தான். ஒரே வருடத்தில் இரண்டு நாடுகள் நேர் எதிர்த் திசையில் நடந்தன.) கூடவே ஒரு விதியும் வந்தது: கைத்துப்பாக்கி, வில் வரிகளில் பாதியை வேட்டைப் பாதுகாப்புக் கல்விக்கும் பொதுச் சுடுதளங்களுக்கும் மாநிலங்கள் செலவழிக்கலாம்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு ரைஃபிளின் முதல் விற்பனை விலை 600 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி 66 டாலர். அது முழுவதும் வனவிலங்குக்கான பொதுப் பங்கில் சேரும். ஒரு கைத்துப்பாக்கி 400 டாலர் என்றால் வரி 40. அதில் 20 பொதுப் பங்குக்கு, 20 வகுப்புக்கும் சுடுதளத்துக்கும். அதாவது மான் வேட்டைக்காரன் வாங்கும் ரைஃபிளின் வரி வேட்டை வகுப்புப் பங்கில் சேர்வதில்லை. வீட்டில் அலமாரிக்குள் பூட்டிவைக்க நகரத்துக்காரர் வாங்கும் கைத்துப்பாக்கிதான் அதைப் பெரும்பாலும் நிரப்புகிறது. அந்த நகரத்துக்காரர் வாழ்நாளில் ஒரு மானைக்கூடக் குறிவைக்க மாட்டார். சுடுதளத்துக்கு மட்டும் வருவார். ஆக, வனவிலங்குப் பணத்தில் சுடுதளமா என்று நீங்கள் கேட்டதைத் திருப்பிப் போட்டும் கேட்கலாம்: சுடுதளத்துக்கு வருகிறவர் கொடுத்த பணத்தில் பாதி மானுக்கும் வாத்துக்கும் போகிறதே, அது என்ன நியாயம் என்று. அவர் பெரும்பாலும் கேட்பதில்லை. ஏனென்றால் அவருக்குத் தெரியாது.

மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுப்பதிலும் இரண்டு பங்குக்கும் இரண்டு கணக்கு. பொதுப் பங்கில் பாதி மாநிலத்தின் பரப்பளவை வைத்து, மறுபாதி பணம் கட்டி வேட்டை உரிமம் எடுத்தவர்களின் எண்ணிக்கையை வைத்து. யாருக்கும் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அரை சதவீதத்துக்குக் கீழும் கிடையாது. உங்கள் டெக்சஸ் அந்த 5 சதவீத உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் மாநிலம். வகுப்பு, சுடுதளப் பங்கு மக்கள்தொகையை வைத்துப் பிரிகிறது. அதிலும் ஒரு மாநிலத்துக்கு அதிகபட்சம் 3 சதவீதம், குறைந்தபட்சம் 1 சதவீதம். 3 கோடிப் பேர் வாழும் டெக்சஸுக்கு 3 சதவீதம், 6 லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கு 1 சதவீதம். ஹூஸ்டனில் வகுப்புக்கு இடம் கிடைக்காமல் பெற்றோர் அலைகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் இந்தச் சமன்பாடும் கொஞ்சம் இருக்கிறது.

2000-ல் இன்னொரு திருத்தம். மத்தியில் நிர்வாகச் செலவு என்ற பெயரில் இந்தப் பணம் கண்டபடி செலவானது தணிக்கையில் வெளியே வந்து நாடாளுமன்றத்தில் பெரிய சத்தமானது. நிர்வாகச் செலவுக்குக் கடிவாளம் போட்ட அதே சட்டம், வேட்டைக் கல்வியையும் சுடுதளங்களையும் மேம்படுத்தத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கியது. 2003 நிதியாண்டிலிருந்து அது வருடத்துக்கு 80 லட்சம் டாலர். ஐம்பது மாநிலங்களுக்குப் பிரித்தால் பெரிய தொகை இல்லை.

இனி, வெளியில் யாரும் அதிகம் பேசாத விஷயம். மத்திய அரசு முழுச் செலவையும் தராது. வழக்கமாக 75 சதவீதம். மீதி 25-ஐ மாநிலம் போட வேண்டும். அதுவும் மாநிலம் முதலில் செலவழித்துவிட்டு, கணக்குக் காட்டித் திரும்ப வாங்க வேண்டும். ஒதுக்கிய தொகையை இரண்டு நிதியாண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது வலசைப் பறவைகள் பாதுகாப்புக்குப் போய்விடும். சட்டம் எழுதியவர்கள் பணத்தைச் சும்மா கிடக்க விடவில்லை, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

அந்த 25 சதவீதத்தை மாநிலங்கள் எங்கிருந்து எடுக்கின்றன? சில இடங்களில் உரிமக் கட்டணத்திலிருந்து. வகுப்புகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் என்னைப் போன்றவர்களின் சனிக்கிழமைகளிலிருந்து. வகுப்பு முடிந்ததும் ஒரு தாளில் வந்த நேரம், போன நேரம், காரில் வந்த தூரம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். முதல் வருடம் இதை ஏதோ வருகைப் பதிவு என்றே நினைத்திருந்தேன். இரண்டு முறை எழுதாமலும் விட்டுவிட்டேன். மூத்த பயிற்றுநர் ஒருவர் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: “நீ எழுதாமல் விட்டது காகிதம் இல்லை, பணம்.” தன்னார்வலரின் நேரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு அதை மாநிலத்தின் பங்காகக் காட்டலாம் என்பது விதி. பேச்சுக்கு மணிக்கு 30 டாலர் என்று வைத்தால், என் எட்டு மணி நேரம் 240 டாலர். அதைக் காட்டி மாநிலம் மத்தியிலிருந்து 720 டாலர் வரை வாங்க முடியும். புத்தகம் அச்சடிக்க, டம்மித் துப்பாக்கி வாங்க, வகுப்பறை வாடகை கொடுக்க எல்லாம் அந்தப் பணம்தான். அதற்கப்புறம் நான் ஒரு தாளையும் விட்டதில்லை.

வகுப்புக்கு இந்த வழி பொருந்தும், சுடுதளத்துக்குப் பொருந்தாது. சுடுதளம் என்றால் நிலம் வாங்க வேண்டும், குண்டு தாண்டிப் போகாமல் பின்னால் மண்மேடு எழுப்ப வேண்டும், சத்தம் ஊருக்குள் வராமல் பார்க்க வேண்டும், மண்ணில் சேரும் ஈயத்துக்கு வழி செய்ய வேண்டும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் பாதை போட வேண்டும். கட்டுவதற்கு முன் சுற்றுச்சூழல் ஆய்வு, அருகிவரும் உயிரினங்கள் பற்றிய ஆய்வு, பழஞ்சின்னங்கள் பற்றிய ஆய்வு. இரண்டு வருடக் கெடுவுக்குள் இதில் கால்வாசிகூட முடியாது. 10 லட்சம் டாலரில் ஒரு சுடுதளம் என்றால் மாநிலம் கையிலிருந்து 2,50,000 டாலர் ரொக்கமாக எடுத்துவைக்க வேண்டியிருந்தது. கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தயங்கின. பணம் மேலே இருந்தது, சுடுதளம் கீழே வரவில்லை.

பல வருடம் இழுத்தடித்து 2019 மே மாதம் இதற்கு ஒரு சட்டம் நிறைவேறியது. பொதுச் சுடுதளத்துக்கு நிலம் வாங்கவும், கட்டவும், விரிவாக்கவும் மத்தியப் பங்கு 90 சதவீதம் வரை போகலாம். பணத்தைச் செலவழிக்க ஐந்து நிதியாண்டு அவகாசம். வனவிலங்குப் பொதுப் பங்கிலிருந்தும் 10 சதவீதம் வரை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். அதே 10 லட்சம் டாலர் சுடுதளத்துக்கு இப்போது மாநிலம் போட வேண்டியது 1,00,000 டாலர். நடத்துவதற்கும் பராமரிப்பதற்கும் பழைய 75 சதவீதம்தான். திறப்பு விழா நடத்திவிட்டு ஆள் சம்பளத்துக்குத் திண்டாடும் தளங்கள் இருப்பதற்கு அதுதான் காரணம்.

பொதுப் பங்கிலிருந்து 10 சதவீதம் எடுக்கலாம் என்ற அந்தக் கடைசி விதி இருக்கிறதே, உங்கள் கேள்வியின் கூர்மை அங்கேதான் சரியாகக் குத்துகிறது. அது நிஜமாகவே மானுக்கும் வாத்துக்கும் வைத்திருந்த பணம். எனக்கும் அதில் முழு ஒப்புதல் இல்லை. அதை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதத்தைக் கேட்டுவிடுங்கள்: பக்கத்தில் சுடுதளம் இருந்தால் சுடப் பழகுகிறவர் கூடுவார், அவர் வாங்கும் தோட்டாவின் வரி திரும்ப இதே நிதிக்கு வரும். விதைநெல் மாதிரி என்கிறார்கள். பெரிய நகரங்களுக்கு அருகில் இது உண்மையாக இருக்கலாம். ஆள் நடமாட்டமில்லாத கவுண்டிகளில் விளைச்சல் எவ்வளவு வரும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் சுடுதளம் கட்டுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதை நான் மனதார ஏற்கிறேன். மேற்கு மாநிலங்களில் பொதுக் காட்டு நிலங்களிலும் பாலைவெளிகளிலும் போய்ச் சுடுவது பழைய பழக்கம். பழைய டிவியையும் பாட்டிலையும் வைத்துச் சுட்டுவிட்டுக் குப்பையை அப்படியே போட்டுவிட்டு வருவார்கள். காய்ந்த புல்லில் கல்லைத் தட்டிய குண்டு பொறி கிளப்பும். 2012 ஜூனில் யூட்டாவில் சரட்டோகா ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் பற்றிய தீ அப்படிக் குறிபார்த்துச் சுட்டவர்களால் வந்ததுதான். ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். மண்மேடும் மேற்பார்வையாளரும் உள்ள ஓர் இடம் இருந்தால், சுடுகிறவரைப் பார்த்து “இங்கே சுடாதே, அங்கே போ” என்று சொல்லலாம். அங்கே என்று ஓர் இடமே இல்லாதபோது வெறும் தடையை யார் மதிப்பார்கள்?

வகுப்பில் என்ன சொல்லித்தருகிறோம் என்று பலர் தவறாக நினைக்கிறார்கள். குறிதவறாமல் சுடுவதைப் பற்றி நாங்கள் பேசுவது மிகக் குறைவு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா இருப்பதாகவே நினைத்துக் கையாளு. குழல்முனை எப்போதும் பாதுகாப்பான திசையில் இருக்கட்டும். சுடும் நொடிவரை விரல் விசைக்கு வெளியே. குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள். இந்த நான்கையும் பிள்ளைகள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் வரை விடுவதில்லை. வேலி தாண்டும்போது துப்பாக்கியை எப்படிக் கீழே வைப்பது, மரத்தில் கட்டிய மேடையில் ஏறும்போது விழாமல் தாங்கும் உடல்பட்டையை எப்படி மாட்டுவது, அடுத்தவர் நிலத்தில் அனுமதி கேட்பது எப்படி என்பவை மீதி நேரத்தில். பளிச்சென்ற ஆரஞ்சு உடை கட்டாயமானதும் வகுப்பு கட்டாயமானதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தவை. வேட்டை விபத்துகள் குறைந்ததில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து குறைத்தன என்று சொல்வது நேர்மையாக இருக்கும்.

2023-ல் இது சம்பந்தமாக ஒரு குழப்பம் நடந்தது, உங்கள் கேள்விக்குள் அதன் நிழலும் இருக்கலாம். அதற்கு முந்தைய வருடம் வந்த துப்பாக்கி வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பள்ளிகளுக்கான மத்தியக் கல்வி நிதியை ஆபத்தான ஆயுதங்களில் பயிற்சி தரப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு வாசகம் இருந்தது. பள்ளிகளில் நடக்கும் வில்வித்தையும் வேட்டைக் கல்வியும்கூட அதில் அடங்கும் என்று கல்வித் துறை பொருள் கொண்டது. கிராமப்புறப் பள்ளிகள் கொதித்தன. திருத்த மசோதா பிரதிநிதிகள் சபையில் 424-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறி, அக்டோபர் 6-ல் சட்டமானது. எதற்கும் ஒத்துப்போகாத அந்தச் சபையில் இப்படி ஓர் எண்ணிக்கையை நான் பார்த்தது அபூர்வம். ஆனால் அது கல்வி நிதி பற்றிய சண்டை. பிட்மன்-ராபர்ட்சன் பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த நிதி பிடிக்காதவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஜார்ஜியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஆண்ட்ரூ கிளைட் 2022-ல் இந்த வரியையே ரத்து செய்ய மசோதா கொண்டுவந்தார். அடிப்படை உரிமைக்கு வரியா என்பது அவர் வாதம். சண்டைக்கு வந்தவர்களில் முக்கியமானவர்கள் வேட்டைக்காரர்கள்தான், ஆதரித்துக் கையெழுத்துப் போட்ட உறுப்பினர்கள் சிலர் பின்வாங்கினார்கள். எதிர்ப்பக்கம், கலிஃபோர்னியா 2024 ஜூலை முதல் தன் பங்குக்கு இன்னொரு 11 சதவீத வரி போட்டு, அதை வன்முறைத் தடுப்புக்குத் திருப்பியிருக்கிறது. பழைய வரி மானுக்கு, புதிய வரி மனிதனுக்கு என்று அங்கே ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த நிதி எப்போது பெருகுகிறது என்று பாருங்கள். மக்கள் பயந்து துப்பாக்கி வாங்கும் வருடங்களில். 2020, 2021-ல் கொரோனா, கலவரம், தேர்தல் என்று கடை வாசலில் வரிசை நின்றது. ஒரு வருடத்து வரி அடுத்த வருடம்தான் மாநிலங்களுக்குப் பிரியும். 2022-லும் 2023-லும் வனவிலங்குப் பங்கு 100 கோடி டாலரைத் தாண்டியது. துறைக்காரர்கள் அந்த வருடம் நல்ல வருடம் என்றார்கள். வாத்துக்கு நல்லதுதான். வரிசையில் நின்றவர்களுக்கு அது நல்ல வருடமா என்று யாரும் கேட்கவில்லை.

உங்கள் மகனும் நண்பனோடு போக ஆசைப்படுகிறானா என்று எழுதவில்லை. ஆசைப்பட்டால்: டெக்சஸில் 9 வயது நிரம்பினால் சான்றிதழ் வாங்கலாம். 17 வயதுக்குக் கீழே இணையப் பாடம் மட்டும் போதாது, நேரில் ஒரு களநாள் வர வேண்டும், அல்லது முழு வகுப்பில் உட்கார வேண்டும். சொந்தத் துப்பாக்கி தேவையில்லை. அந்தச் சான்றிதழ் மற்ற மாநிலங்களிலும் செல்லும். நீங்களும் கூட உட்காரலாம், என் வகுப்புகளில் வேட்டைக்கே போகாத பெற்றோர் பாதிப் பேர் இருப்பார்கள். கடைசியில் பயிற்றுநர் ஒரு தாளை எடுத்து நேரம் எழுதிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் மட்டும் அவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், கணக்குத் தப்பிவிடும்.